கிரேக்கம் போய்வந்த பானுப்பிரியா

துபாயில், அல் குசைஸில் குடியிருந்த கனகாவுக்கு ஒரே கவலை: மகள் பானுப்பிரியா பள்ளிச் சுற்றுலாவுக்குப் போயாக வேண்டும். ‘பண்டைய கிரேக்க மருத்துவமும் கிராமப் பண்ணை வாழ்வும்’ என்று சுற்றறிக்கை வந்ததிலிருந்து, ஆட்டுக்குட்டியைத் தொடப்போகும் சந்தோஷத்தில் பிள்ளைக்குத் தூக்கமே இல்லை.

கிரேக்கத்துக்கு விசா எடுக்கப் பள்ளிக்கு வசதியில்லை. ஆகவே ஒருங்கிணைப்பாளர் சேதுமாதவன் தலைமையில் உயர்மட்டக் குழு கூடி ஆராய்ந்தது. அரபியில் யுனானி என்றால் கிரேக்கம். அப்துல் ஹாதி பாயின் யுனானி மருந்துக்கடை அல் குசைஸில் இருக்கிறது. எனவே கிரேக்கமும் அல் குசைஸில்தான் இருக்கிறது என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. அங்கிருந்து அப்படியே ஓர் ஆட்டுப்பண்ணைக்கு பஸ். மருத்துவச் சுற்றுலா என்பதால் நோயுள்ள பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை என்று விதியும் போட்டார்கள்.

பானுவுக்கோ இருமல். கனகா சுக்குத் தட்டிப் போட்டும் கேட்கவில்லை. கடைசியில் ஹாதி பாய் கடைக்கே இழுத்துப்போய் மருந்து வாங்கிக் கொடுத்தாள். இருமல் போன இடம் தெரியவில்லை. மகளை முன்னால் தள்ளிக்கொண்டு பள்ளிக்கு ஓடினாள்.

எந்த மருந்தில் குணமானது என்று சேதுமாதவன் கேட்டார். கனகா பெருமையாகச் சொன்னாள். அவர் முகம் சுருங்கியது.

“அப்படின்னா இவ ஏற்கெனவே கிரேக்கம் போய்ட்டு வந்துட்டாளே. ஒரே பிள்ளை ரெண்டு தடவை போனா மத்த பிள்ளைங்க கதி என்னம்மா?”

“கிரேக்கத்தை விடுங்க சார். பண்ணைக்காவது கூட்டிட்டுப் போங்க. ஆடு பாக்கணும்னு உசுரை விடுறா.”

கனகாவுக்குச் சொந்த ஊர் எது என்று விசாரித்தார். மானாமதுரைப் பக்கம், வீட்டிலேயே ஆடு கிடந்தது என்றாள். கிராம வாழ்வு தாய்வழியாகவே கிடைத்துவிட்டபடியால் அதிலிருந்தும் விலக்கு அளிக்கப்பட்டது. கனகா கண்கலங்குவதைப் பார்த்து, மனமிரங்கி ஒரு சர்டிபிகேட் கொடுத்தார்: ‘பண்டைய கிரேக்கம் சென்று, பூரண குணமடைந்து திரும்பிய மாணவி.’

“மம்மி, நான் எப்போ கிரீஸ் போனேன்?” என்றாள் பானு.

“பேசாம வாடி.”

பள்ளியோடு சண்டை போடச் சொல்லத்தான் அபுதாபிப் பக்கம் ருவைஸில் டூட்டியிலிருந்த கணவன் அருள்முருகனுக்குப் போன் போட்டாள். மகள் கிரேக்கம் போய்வந்தாள் என்ற பாதியைத்தான் அவன் கேட்டான். அதற்குள் தொழிலாளர் கேம்ப் முழுக்க லட்டு கொடுத்துவிட்டான். இனி எதைச் சொல்லி என்ன? சர்டிபிகேட் சட்டம் போட்டு ஹால் சுவரில் ஏறியது.

பஸ் கிளம்பிய காலையில் பானு ஜன்னலோரம் நின்று அழுதாள். அந்நேரம் பார்த்து எதிர்வீட்டு பாஹிமா வந்து, சுவரைப் பார்த்து வாயைப் பிளந்தாள். தன் மகனைப் பக்கத்திலிருக்கும் அஜ்மானுக்குக்கூட அனுப்பியதில்லை என்று பெருமூச்சு விட்டாள்.

“அங்கே வெயில் எப்படி, கனகா?”

கனகா முந்தானையால் சட்டத்தின் தூசியைத் துடைத்தாள்.

“இங்க மாதிரியேதான்க்கா.”