ராகுகாலத்துக்கு முன் ஒரு கொன்ராக்ட்

பேஸ்பால் விளையாட்டைப் பற்றிக் கொன்ராக்ட் அண்ணையைவிட அதிகம் தெரிந்தவர் இந்தப் பூமியில் கிடையாது. ஒரே ஒரு குறை, அவர் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. பந்தை எறிபவன் எங்கே நிற்பான், அடித்தவன் எந்தப் பக்கம் ஓடுவான் என்று கேட்டால், "அதெல்லாம் விளையாடுறவையின்ரை பிரச்சினை" என்று கையை உதறிவிடுவார். ஆனால் எந்த வீரனின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது, எந்த அணி வரவுக்கு மேல் செலவு செய்துவிட்டு விழிக்கிறது, எந்த முதலாளி வைத்துக்கொண்டே இல்லை என்று மூக்கால் அழுகிறார் என்று கேட்டுவிட்டால் தொலைந்தோம். கையிலிருக்கும் தேநீர் ஆறி, மறுபடி சுடவைத்து, அதுவும் ஆறிவிடும்.

ஓஸ்லோவின் புறநகரான ஹொல்ம்லியாவில் அவர் மூன்றாம் மாடி, நான் இரண்டாம் மாடி. மதுரையிலிருந்து கணினி வேலைக்காக ஓஸ்லோவுக்கு வந்து பெட்டியைக்கூடப் பிரிக்காத நாளில் அவரை லிஃப்டில் பார்த்தேன். தமிழ் முகத்தைக் கண்டால் எந்த ஊர், சாப்பிட்டாயா என்று கேட்பதுதானே நம் வழக்கம்? அவர் கேட்ட முதல் கேள்வியே வேறு.

"தம்பி, எத்தினை வருசக் கொன்ராக்ட்?"

"ரெண்டு வருஷம்ணே."

"அதுக்குப் பிறகு நீடிக்கிற உரிமை ஆருக்கு? உமக்கோ, கொம்பனிக்கோ?"

"தெரியலையேண்ணே. படிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன்."

இரண்டாம் மாடியில் கதவு திறந்தது. அவர் என்னை இறங்க விடவில்லை. "இப்பிடியான ஆக்களைத்தான் கிளப்புகள் ஏமாத்துறவை. மேலை வாரும், சாப்பிட்டிட்டுக் கதைப்பம்" என்று இழுத்துக்கொண்டு போனார். அன்று அவர் மனைவி சாந்தி அக்கா போட்ட புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் சாப்பிட்டேன். அதோடு நான் அவருடைய அணியில் சேர்ந்துவிட்டேன் என்பது எனக்குத்தான் தெரியாது.

இந்தப் பைத்தியம் பிடித்த கதை விசித்திரமானது. இளைஞராக யாழ்ப்பாணத்தைவிட்டு வந்தவர், முதலில் போய் நின்றது வடக்கே ஹம்மர்பெஸ்டில், மீன் தொழிற்சாலையில். அறைத்தோழன் ஒரு அமெரிக்கன். அந்த ஆள் வந்தது இலையுதிர் காலத்தின் கடைசியில், ஊர் திரும்பியது பனி உருகுவதற்கு முன்பு. அது பேஸ்பால் ஆட்டமே நடக்காத பருவம். அணிகள் வீரர்களை விடுவிப்பதும், வாங்குவதும், மாற்றிக்கொள்வதும், பேரம் பேசுவதும்தான் அப்போது செய்தி. சூரியன் தலைகாட்டாத அந்த மாதங்கள் முழுக்க அமெரிக்கன் பேசினான், இவர் கேட்டார். ஆட்டம் தொடங்குகிற நேரத்தில் அவன் போய்விட்டான். சம்பந்தம் பேசும்போதெல்லாம் நடுநாயகமாக உட்கார்ந்துவிட்டு, தாலி கட்டும் நேரத்தில் மண்டபத்தைவிட்டு வெளியே வந்தவர் மாதிரி ஆகிவிட்டது அண்ணையின் பேஸ்பால் ஞானம்.

அந்த ஞானத்தை அவர் எங்கள் எல்லோர் மீதும் பிரயோகித்தார். ஒரு முறை பக்கத்து ஊரான ஹவுகெட்டோத் தமிழர்கள் தங்கள் கலைவிழாவுக்குக் கதிரை அடுக்க ஆள் கேட்டார்கள். அண்ணை என்னைக் கேட்காமலே என்னைக் கொடுத்துவிட்டார். பதிலாக எங்கள் விழாவுக்கு ஒரு மிருதங்கக்காரரையும், "பேர் பிறகு அறிவிக்கப்படும்" என்ற நிபந்தனையோடு இன்னொரு ஆளையும் வாங்கிக்கொண்டார். பேஸ்பாலில் அப்படி ஒரு வழக்கம் உண்டாம். அந்தப் பெயர் தெரியாத ஆளின் மதிப்பு என்னைவிட எவ்வளவு கூட என்று அவர் விளக்கியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. வந்து சேர்ந்தவர் எழுபது வயதுப் பெரியவர். கதிரையைத் தூக்குவதற்குப் பதில் அதில் உட்கார்ந்துகொண்டார்.

குடியிருப்போர் கூட்டத்திலும் விடவில்லை. வாசலில் பனி தள்ளுபவரை மாற்றுவது பற்றிப் பேச்சு வந்தபோது எழுந்து, "அந்த ஆளுக்கு இந்த வருசம் ஃபோர்ம் இல்லை, உண்மைதான். ஆனா அனுபவசாலியை விட்டிட்டு ரெண்டு புதுப் பெடியளை எடுத்தா, பெப்ரவரியிலை அழுவியள்" என்று நோர்வேஜிய மொழியில் முழங்கினார். அவர் பேசும் நோர்வேஜியம் ஹம்மர்பெஸ்ட் மீன் தொழிற்சாலையில் படித்தது. ஓஸ்லோக்காரர்களுக்கு அதைக் கேட்டாலே சிரிப்பு வரும். சிரித்துக்கொண்டே பழைய ஆளையே வைத்துக்கொண்டார்கள்.

"இந்த மனுசன் கலியாணம் பேசேக்கையே நீடிக்கிற ஒப்ஷன் கேட்டவர் தம்பி," என்பார் சாந்தி அக்கா. "நான்தான் நீண்டகாலக் கொன்ராக்டிலை மாட்டுப்பட்டுப் போனன்."

"விடுவிச்சா ஆர் எடுப்பினம் எண்டு கேளும்" என்பார் அண்ணை. அடுப்படியிலிருந்து அகப்பை ஓங்கும் சத்தம் கேட்கும்.

எல்லாம் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அவருடைய வலது தோள் கிழியும் வரை. முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை அவருக்கு. சூப் அண்டாவைத் தூக்கியபோது தோளுக்குள் ஏதோ அறுந்தது. அறுவைச் சிகிச்சை நடந்தது, ஆனாலும் கை முன்போல உயரவில்லை. அவர் சீக்மெல்ட் ஆனார், அதாவது மருத்துவ விடுப்பு. அந்த விடுப்பு ஒரு வருடம்தான். அது முடிகிற காலமும் நெருங்கியது. நலன்புரி அலுவலகத்தில், கஷ்டப்பட வேண்டாம், உடல் இயலாதவருக்கான நிரந்தர உதவிப்பணத்துக்கு விண்ணப்பித்துவிட்டு வீட்டில் இருங்கள் என்று அன்பாகவே சொன்னார்கள். அந்த அன்புதான் அவரை உடைத்துவிட்டது.

"ஐம்பத்தைஞ்சு வயசிலை என்னை விடுவிச்சுப்போட்டாங்கள் தம்பி" என்றார். "நாளைக்குக் காலமை எழும்பி நான் எங்கை போறது?" நான் தட்டிலிருந்த புட்டைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கற்பனை லீக்கின் தேர்வு நாள் வந்தது. இது ஒரு இணைய விளையாட்டு. நிஜ பேஸ்பால் வீரர்களின் பட்டியலிலிருந்து ஆளுக்கொரு கற்பனை அணியை முறைவைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வீரர்கள் நிஜத்தில் நன்றாக ஆடினால் நமக்குப் புள்ளி. அண்ணை, அவர் மகள் அபி, நான், கட்டிடத்தில் இன்னும் சிலர் சேர்ந்திருந்தோம். அமெரிக்கப் பெயர்கள் அண்ணையின் வாயில் நுழையாது. அதனால் நீட்டுக்காலன், மொட்டைச் சின்னவன், மாமியார் மூஞ்சி என்று அவரே பெயர் வைத்திருந்தார். எங்களுக்கும் அதுவே பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வைத்தோம். ராகுகாலத்தில் ஒரு வீரனையும் எடுப்பதில்லை என்பது அண்ணையின் கொள்கை. சுவரில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாள்காட்டி தொங்கியது. ஞாயிறு ராகுகாலம் நாலரைக்கு என்று அதில் போட்டிருந்தது. நேரம் இருக்கிறதே என்று அவர் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு கணினிமுன் உட்கார்ந்தார். நாலு மணி தாண்டி, அவர் முறை வந்து, திரையில் நேரம் ஓடத் தொடங்கியது. விரல் விசைமேல் போகிற சமயத்தில் அபி கைப்பேசியிலிருந்து தலை நிமிர்த்தினாள்.

"அப்பா, அது யாழ்ப்பாணத்துச் சூரியனுக்கு. பகலை எட்டாப் பிரிச்சுத்தானே ராகுகாலம்? ஒஸ்லோவிலை இப்ப பகல் கட்டை. நான் கணக்குப் பாத்தனான், இஞ்சை இப்பவே தொடங்கிட்டுது."

அண்ணை சூடுபட்டவர்போலக் கையை இழுத்துக்கொண்டார். "இவ்வளவு காலமும் பிழையான நேரத்துக்கே பயந்தனான்?" என்று நாள்காட்டியைப் பார்த்தார், அபியைப் பார்த்தார், கடைசியில் ஜன்னல் வழியே அந்தச் சோகைச் சூரியனைப் பார்த்தார். "அப்ப மார்கழியிலை ராகுவுக்கே இஞ்சை அரைநேர வேலைதான்!"

"அண்ணே, டைம் ஓடுது, யாரையாவது அமுக்குங்க!" என்று நான் கத்தினேன்.

"தொடமாட்டன்."

நேரம் முடிந்தது. அவருக்காக இயந்திரமே ஒரு ஆளை எடுத்தது. பழைய புகழால் பட்டியலில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பந்துவீச்சாளன். தோள் அறுவை செய்துகொண்டு ஒரு வருடமாக ஆடாமல் இருந்தவன். அவன் அணியே அவனை விடுவித்திருந்தது. அறை முழுக்கச் சிரித்தது.

"அப்பா, உங்கடை டீமிலை இப்ப தோள் கிழிஞ்சவை ரெண்டு பேர்" என்றாள் அபி. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அண்ணை சிரிக்கவில்லை. அந்த ஆளைப் பற்றிய செய்திகளை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னார். வேறொரு அணி அவனைச் சிறிய ஒப்பந்தத்தில் எடுத்திருந்தது. முதலில் கொஞ்சக் காலம் பார்ப்பார்கள், தோள் தாங்கினால் நீடிப்பார்கள். முன்போல முழு ஆட்டமும் எறிய வேண்டாம், கடைசியில் கொஞ்ச நேரம் வந்து எறிந்தால் போதும். "வீட்டை அனுப்பேல்லை, பாத்தீரோ?" என்றார் மெதுவாக. "வேறை இடத்திலை நிப்பாட்டியிருக்கிறாங்கள்." அவனுக்குத் தோளன் என்று பெயர் வைத்தார். அன்று முழுவதும் வேறு யாரைப் பற்றியும் பேசவில்லை.

மார்ச்சில் ஒரு மோத்தே வந்தது. சமையலறை மேலாளர், மருத்துவர், நலன்புரி அலுவலர், அண்ணை எல்லோரும் உட்கார்ந்து முடிவு எடுக்கும் கூட்டம். புதன்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்கு. நாள்காட்டிப்படி அது சரியாக ராகுகாலம் தொடங்கும் நேரம். சாந்தி அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். ஆனால் அபி ஓஸ்லோச் சூரியனை வைத்துக் கணக்குப் போட்டு, பன்னிரண்டரை வரை நல்ல நேரம்தான் என்றாள்.

"அரை மணித்தியாலம் காணும்" என்றார் அண்ணை. "தம்பி, நீர்தான் என்ரை ஏஜென்ட். ஏஜென்ட் இல்லாமல் ஒருத்தனும் மேசைக்குப் போறேல்லை."

"எனக்கு நார்வேஜியன் அரைகுறைண்ணே!"

"நீர் வாயே திறக்கக் கூடாது. நேரத்தை மட்டும் பாரும். பன்னிரண்டேகாலுக்கு என்ரை காலை மிதியும்."

கோட்டுப் போட்டுக்கொண்டு போய் ஊமைப்படம் மாதிரி உட்கார்ந்தேன். நோர்வேயில் இம்மாதிரிக் கூட்டங்களில் முதலில் காப்பி ஊற்றுவார்கள், வானிலை பேசுவார்கள், பிறகு எல்லோரும் தங்களை அறிமுகம் செய்துகொள்வார்கள். அதற்கே பன்னிரண்டேகால் ஆகிவிட்டது. மிதித்தேன். அண்ணை காப்பிக் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

பேசியது நோர்வேஜியத்தில், ஆனால் என் காதில் அவர் தமிழாகத்தான் விழுந்தது. "எனக்கு நிரந்தரம் இப்ப வேண்டாம். மூண்டு மாசம் பாருங்கோ. அண்டா தூக்கமாட்டன், அதுக்கு இளம் ஆக்கள் இருக்கினம். பொரிக்கிறது, தாளிக்கிறது, ருசி பாக்கிறது, சாமான் ஓடர் பண்ணுறது என்ரை பொறுப்பு. தோள் தாங்கேல்லையெண்டா நானே போறன். தாங்கினா நீடியுங்கோ."

மேலாளர் ஒரு உயரமான பெண்மணி. நல்லவர்தான், ஆனால் நிதானமானவர். "நல்ல யோசனை. இரண்டு வாரம் யோசித்துவிட்டுச் சொல்கிறோமே" என்றார்.

அண்ணை சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். "மன்னிக்க வேணும். பன்னிரண்டரைக்குப் பிறகு நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். மேலாளர் என் கோட்டைப் பார்த்தார், என் ஊமை முகத்தைப் பார்த்தார், நான் கடிகாரத்தை விட்டுக் கண்ணெடுக்காததைப் பார்த்தார். எங்கேயோ வேறொரு சமையலறை இந்த மனிதருக்காகக் காத்திருக்கிறது என்று அவரே முடிவுகட்டிக்கொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது. ராகுவைப் பற்றி நோர்வேஜியத்தில் விளக்க எனக்கும் வார்த்தை போதாது, அனுமதியும் இல்லை. மேலாளர் மருத்துவரிடம் ஏதோ கேட்டார். அவர் தலையாட்டினார். நலன்புரி அலுவலரும் தலையாட்டினார். மேலாளர் அங்கேயே எழுதிக் கையெழுத்திட்டு அண்ணையிடம் நீட்டினார். இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அண்ணை கையெழுத்து வைத்தபோது நேரம் சரியாக இருந்தது. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஏஜென்ட் அழக் கூடாதென்று காப்பியைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

மூன்று மாதம் ஒப்பந்தப்படி ஓடியது, பிறகு நீடித்தார்கள், பிறகு நிரந்தரமாக்கினார்கள். அண்ணை தாளித்த பருப்பு சூப்பை இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறார்களாம் அங்கே இருக்கும் முதியவர்கள்.

அந்த வருட வசந்தத்தில் ஆட்டங்கள் தொடங்கியபோது சொன்னேன்: "அண்ணே, இப்பவாவது ஒரு மேட்ச் பாருங்களேன். உங்க தோளன் மறுபடி எறியப்போறான்."

அவர் அவசரமாகத் தலையாட்டி மறுத்தார். "வேண்டாம் தம்பி. விளையாட்டுத் தொடங்கினா ஆரோ ஒருத்தர் தோக்கத்தானே வேணும்? குளிர்காலத்திலை பாரும், ஒரு அணியும் தோக்கிறேல்லை. எல்லாருக்கும் இந்த வருசம் வெல்லுவம் எண்ட நினைப்பு. ஹம்மர்பெஸ்டிலை, அந்த இருட்டுக்குள்ளை, அந்த நினைப்பிலைதான் நான் இருந்தனான்."

இப்போது நான் இருப்பது அதே ஹம்மர்பெஸ்டில். எரிவாயு நிறுவனம் ஒன்றுக்கு என் கம்பெனி என்னை அனுப்பிவிட்டது. "உம்மை ட்ரேட் பண்ணிப்போட்டாங்கள், பதிலுக்கு ஆரை எடுத்தவங்கள்?" என்று விமான நிலையத்துக்கு ரயிலேற்றிவிடும்போது கேட்டார் அண்ணை. அவருக்குப் பதிலாக இங்கிருந்து தோளனின் ஆட்டங்களை நான் பார்க்கிறேன். வென்ற நாளில் போன் செய்கிறேன். தோற்ற நாளில் என் போன் வராததால் அவரே போன் செய்துவிடுவார், "தோளன் என்னமாதிரி?" என்று.

"இன்னைக்கு அங்க மழைண்ணே. ஆட்டமே நடக்கல."

"அப்பிடியோ. மழை நல்லதுதானே" என்பார்.

இப்படி விடாமல் மழை பெய்கிற ஊர் எது என்று இதுவரை அவர் என்னிடம் கேட்டதில்லை.