கீரிக்கும் பாம்புக்கும் குரல் கொடுத்தோர் விட்டுக்கொடுக்கப் போரிட்ட படலம்

வாழ்க வெண்கலத் தொண்டையார்! கார்மேகம் சளிபிடித்து முழங்கினாற்போன்ற குரலோனே, வெந்நீர்க் குடுவையை வெற்றிவேலெனத் தாங்கி, கழுத்துத்துண்டை வாகைமாலையெனச் சூடி, குரல்பதிவுக் கூடத்தின் குளிர்சாதனத்தை ஓரிருமலால் அணைக்கவல்ல பெருந்தகையே, நின் புகழ் பாடப் புகுந்தோம். வாழ்க பட்டுக்குரலாரும்! இரண்டாவதாக வாழ்த்தியதற்காக அவர் கோபிக்கலாகாது. யாரேனும் ஒருவரை முதலில் வாழ்த்தித்தானே ஆகவேண்டும். ஆனால் அவர் கோபிப்பார். அதுவே இக்காவியம்.

இவ்விரு பெருவீரரும் ஒரு கார்ட்டூன் படத்தின் நாயகருக்குக் குரலீந்து பிழைப்பவர்கள். வெண்கலத் தொண்டையார் கீரி. பட்டுக்குரலார் பாம்பு. இதைக் காட்டிலும் பொருத்தமாகப் பாத்திரம் பங்கிட முடியாது. ஏனெனில் முன்னவரின் மகள் பின்னவரின் மகனை மணந்திருக்கிறாள். கல்யாணப் புகைப்படத்தில் நடுவில் நிற்பது யார் என்று எழுந்த சிறுபொறி, சம்பந்திகள் இருவரையும் அன்றுமுதல் எரித்துக்கொண்டிருந்தது. படத்தில் இருவருக்கும் நடுவே தெரிவது ஒரு மேசை விசிறி.

படத்தின் முதல் பாகத்தில், ஊருக்கடியில் ஓடும் சாக்கடைக்குள் வெள்ளம் புகுந்தபோது, சுவரிலிருந்த ஒரே ஓட்டை வழியே கீரி முதலில் தப்பியது. பின்னால் தத்தளித்த பாம்பைத் திரும்பியும் பார்க்கவில்லை. பாம்புதான் வில்லன் என்பதால் அரங்கம் கைதட்டியது. இரண்டாம் பாகத்திலோ பாம்பும் நாயகன் ஆயிற்று. அதுவும் குட்டிப்பருவத்தில் தன் தங்கையை இப்படியே ஒரு பொந்தில் விட்டுவிட்டு ஓடிவந்த பாவிதான் என்று தெரியவந்தது. கடைசிக் காட்சியில் மீண்டும் வெள்ளம். மீண்டும் அதே ஓட்டை. ஒருவர்பின் ஒருவராகத்தான் நுழையலாம். அங்கே ஒருவர் மற்றவரிடம், "நீ முன்னாடி போ" என்று சொல்லவேண்டும்.

இச்சொற்கள் மூன்றுக்காகவே அன்று செருக்களம் சிவந்தது.

இயக்குநரம்மா பாத்திர வளர்ச்சியில் ஆழ்ந்த பக்தி உடையவர். ஒரு பலகையில் கீரிக்கு ஒரு கோடும் பாம்புக்கு ஒரு கோடும் வரைந்து, இரண்டும் எப்படி இணையாக ஏறி ஒரே சிகரத்தை அடைகின்றன என்று எல்லோருக்கும் விளக்கியிருந்தார். வசனத் தாளிலோ அம்மூன்று சொற்களைக் கீரிக்கே எழுதிவைத்திருந்தார். கண்டார் பட்டுக்குரலார். அவர் புருவம் வில்லென வளைந்தது.

"பாம்புக்கு வளர்ச்சின்னா என்ன மேடம், நீளத்துல மட்டுந்தானா?" என்று மென்மையாகக் கேட்டார்.

தங்கையை விட்டுவந்த குற்றம் பாம்பினுடையது; எனவே விட்டுக்கொடுக்கும் மாண்பும் பாம்புக்கே உரியது என்று அவர் வழக்குரைத்தார். பாம்பையே விட்டுவந்தது கீரி. எனவே பிராயச்சித்தமும் கீரிக்கே என்று வெண்கலத் தொண்டையார் எதிர்வழக்குரைத்தார். விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போவதில்லை என்னும் முதுமொழியை இருவரும் அடிவயிற்றிலிருந்து முழங்கினர். தியாகம் செய்யும் உரிமையை அணுவளவும் தியாகம் செய்ய இருவரும் ஒப்பவில்லை.

அறையிலோ ஒரே மைக். குள்ளரான கீரியார் அதைத் தம் வாய்க்கு நேரே இறக்குவார். நெட்டையரான பாம்பார் அடுத்த கணமே உயர்த்துவார். வென்ற கோட்டையில் கொடிகள் மாறிமாறி ஏறுவதுபோல் அது ஏறியிறங்க, திருகாணி கிறீச்சென்று ஓலமிட, கண்ணாடிக்கு அப்பாலிருந்த ஒலிப்பதிவாளர், மாசக் கடைசியில் மின்கட்டணம் பார்த்தவர்போலக் கன்னத்தில் கைவைத்தார்.

வாசகரே, நகைக்கவேண்டாம். இப்போருக்கு ஒரு மூலம் உண்டு. இருவருக்கும் பொதுவாக ஒரு பேத்தி இருந்தாள். முதல் பாகத்தை மனப்பாடமாக அறிந்த மழலை அவள். பட்டுக்குரலார் வேலைமுடிந்து வீடுதிரும்பி, செருப்பைக் கழற்றியபடியே "கண்ணு" என்று அழைத்தால் தலையணைக்குப் பின்னால் ஒளிவாள். தம் வீட்டுக் கூடத்திலேயே வாய்பொத்தி, சைகையால் காப்பி கேட்கும் நிலைக்கு அம்மனிதர் வந்திருந்தார். வெண்கலத் தொண்டையாரின் புண்ணோ வேறு. அவரிடம் ஒருநாள் அவள், "ஏன் தாத்தா பாம்பத் தண்ணியில விட்டுட்டு வந்தீங்க?" என்று கேட்டாள். கதைதானே என்று அவர் சமாளித்தார். அவள் நம்பவில்லை. அதிலிருந்து அவர் மடியில் உட்காரும்போதெல்லாம் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தாள்.

ஆகவே இரு கிழச்சிங்கங்களும் ஒரு நான்கு வயதுத் தீர்ப்பை நோக்கியே கர்ச்சித்தன. இதை ஒருவரிடம் ஒருவர் சொல்லியிருந்தால் போர் அக்கணமே ஓய்ந்திருக்கும். ஆனால் சொன்னால் சம்பந்திக்கு இளக்காரமாகிவிடுமே! மானம் பெரிதன்றோ!

மத்தியஸ்தம் பேசிப்பேசி இயக்குநரம்மாவின் தொண்டைதான் முதலில் கட்டியது. பலகையைக் காட்டினார், இரு கோடுகளில் எந்தக் கோடு மேலே என்ற புதுப்போர் மூண்டது. கடைசியில், ஒத்திகையாக ஒருதடவை படியுங்கள், யார் வசனம் என்பதைப் பிறகு பார்ப்போம் என்று கரகரத்துவிட்டு நாற்காலியில் சரிந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் வெள்ளம் ஏறிற்று. ஓட்டையின் வாயிலில் கீரியும் பாம்பும் முகத்தோடு முகம் நின்றன.

கீரியார் மைக்கின் இடப்புறம் பாய்ந்தார். பாம்பார் வலப்புறம் பாய்ந்தார். தோளும் தோளும் மோதின. வெந்நீர்க் குடுவை வீரமரணம் எய்தியது. ஆனால் திரையிலிருந்த முகங்களை நோக்கியதும், முழங்குவதற்கென இழுத்த மூச்சு இருவருக்கும் பாதியில் தளர்ந்தது. ஒருவர் தலையணையை நினைத்தார். ஒருவர் மடியை நினைத்தார்.

"நீ முன்னாடி போ" என்றன இரு குரல்களும், ஒரே நேரத்தில், மெதுவாக.

திடுக்கிட்டு நிறுத்தினர்.

"இல்ல, நீ போ" என்றன மறுபடியும், ஒரே நேரத்தில்.

ஒலிப்பதிவாளர் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். பதிந்ததை மீண்டும் ஓடவிட்டார். வெண்கலம் எது, பட்டு எது என்று பிரித்தறிய முடியவில்லை. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவன் பேச்சுப்போல இரண்டும் ஒன்றாகவே ஒலித்தன.

"இதுதான் சார். இத நான் மாத்தப் போறதில்ல" என்றார் இயக்குநரம்மா. பலகையை அழித்துவிட்டார். கண்களையும் துடைத்துக்கொண்டார், தூசி என்றார்.

இங்கே காவியம் முடிந்திருக்கவேண்டும். நாயகர் வளர்ந்தனர், குரலீந்தோரும் வளர்ந்தனர் என்று மங்கலம் பாடியிருக்கலாம். ஆயின் பட்டுக்குரலார், தம்முடைய "நீ" ஒரு மயிரிழை முந்தி வந்ததாகக் கருத்துரைத்தார். வெண்கலத் தொண்டையார், சத்தத்தின் அலைகளைத் திரையில் பெரிதாக்கிக் காட்டும்படி ஒலிப்பதிவாளரைப் பணித்தார். அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருந்தன. கணினியில் கோளாறு என்று இருவரும் ஏகமனதாகத் தீர்மானித்தனர். அவர்கள் வாழ்நாளில் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

படம் வெளியான நன்னாளும் வந்தது. இருளரங்கில் பேத்தியை நடுவே இருத்தி, இடக்கரத்தை ஒரு பாட்டனும் வலக்கரத்தை ஒரு பாட்டனும் பற்றி, அவளைப் பெற்றோர் இருவரும் பின்வரிசையில் மூச்சடக்கி அமர்ந்திருக்க, திரையில் வெள்ளம் பொங்கிற்று, சுவர் அதிர்ந்தது, ஓட்டையின் வாயிலில் இரு நாயகரும் எதிரெதிர் நின்றனர், அரங்கம் விம்ம, முன்வரிசையில் யாரோ மூக்குறிஞ்ச, இரு குரலும் ஒன்றாகி அம்மூன்று சொற்களை உரைத்தன, உரைத்த அக்கணமே, தீர்ப்பைக் கேட்கும் கைதிகள்போல, கீரிப்பாட்டனும் பாம்புப்பாட்டனும் ஒருசேரத் திரும்பி, அந்தப் பிஞ்சுமுகத்தை நோக்கினர்.

குழந்தை இடைவேளைக்கு முன்பே தூங்கிவிட்டிருந்தது.