நேர்மைப் பொன்னாடை

மழைக்குக் குறைவில்லாத கார்வள நாட்டின் அரசர், ஒருநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே, அலுவலகங்களில் அறம் தழைக்க வேண்டும் என்று முடிவு செய்தார். மாதந்தோறும் மிக நேர்மையான ஊழியருக்குப் பொன்னாடை என்று முரசறைந்தார்கள்.

ஏரிக் காவல் அலுவலகத்தில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்த வில்லவன், அது தன் தோளுக்குத்தான் என்றிருந்தார். கிடைத்ததோ நேற்று வந்த அஞ்சுகத்துக்கு. ஏரிக்கரை கசிவதை அவள் ஒளிக்காமல் ஓலையில் எழுதி அரசருக்கு அனுப்பியிருந்தாள். அதே கசிவை வில்லவன் மூன்று ஆண்டுகளாக அறிவார். மேலிடத்துக்குப் பிடிக்காதென்று வாயை மூடிக்கொண்டிருந்தார். “ரொம்ப சந்தோஷம்மா” என்று அவளிடம் சொன்னவருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

கசிவை அடைக்க ஆள் போகவில்லை. அடைத்தால் கசிவு இருந்ததாக ஆகிவிடும் என்றார் அமைச்சர். மாறாக அடுத்த ஆணை வந்தது: பொய் சொல்லும் சக ஊழியரைக் காட்டிக்கொடுப்பவருக்கே இனிப் பொன்னாடை.

வில்லவன் அமைச்சர் முன் கைகட்டி நின்றார்.

“கசிவே இல்லீங்க. பேர் வாங்க அந்தப் பொண்ணு கட்டிவிட்ட கதைங்க.”

“நேரில் கண்டீரோ?”

“கண்டேனுங்க. கரை கல்லாட்டம் இருக்குதுங்க.”

“ஆகா! நாட்டுக்குத் தேவை இத்தகைய உண்மைதான்.”

பொன்னாடை தோள் மாறியது. அஞ்சுகத்தின் வேலை போனது. போகும்போது அவள், “அண்ணே, கீழத்தெரு ஜனங்களையாவது மேட்டுக்குப் போகச் சொல்லுங்க” என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவருக்கு எரிந்தது. யாரிடமும் அவர் சொல்லவில்லை.

கசிவு என்ற சொல்லை உச்சரிப்பதே குற்றம் என்று மூன்றாவது ஆணை வந்தது. ஐப்பசியில் கரை உடைந்தது.

இடுப்பளவுத் தண்ணீரில் கீழத்தெருவே அஞ்சுகத்தைச் சூழ்ந்து நின்றது.

“தாயி, இன்னும் ஏறுமா?”

“ஏறும். புள்ளைங்களைத் தூக்கிக்கிட்டுக் குன்றுக்கு நடங்க.”

மறுபேச்சில்லாமல் நடந்தார்கள். வில்லவன் படகில் நின்று அரசாணையை வாசித்தார்: “வெள்ளம் வடிந்துவிட்டது. அனைவரும் வீட்டிலேயே இருக்கவும்.” ஒரு தலைகூடத் திரும்பவில்லை. தன் சொல்லை ஒருவராவது என்றைக்காவது இப்படி நம்பியதுண்டா? ஆணையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, கடைசி ஆளாக அவள் காட்டிய வழியிலேயே நடந்தார்.

குன்றின் உச்சியில் அரசரின் கூடாரம் நின்றது. முளைக்குச்சிகளைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது.

“இதை எப்பப்பா அடிச்சீங்க?” என்று காவலனைக் கேட்டார் வில்லவன்.

“அந்தப் பொண்ணு எழுதின ஓலையை ராசா படிச்ச அன்னைக்கேங்க.”