ஒண்ணேகால் மணி பஸ்ஸு

மணி பன்னிரண்டே முக்கால். காளீஸ்வரனின் ஆபீஸ் கம்ப்யூட்டர் நாலாவது தடவையாகக் கையை விரித்தது. இன்னும் அரை மணியில் திருச்சுழி பஸ் அவன் ஊருக்குப் போய்விடும். அதிலிருந்து முருகலட்சுமி இறங்கினாலும் இறங்கலாம்.

அவள் கோவித்துக்கொண்டு மல்லாங்கிணற்றுக்கு, அம்மா வீட்டுக்குப் போய் ஐந்து நாள் ஆகிறது. "ஒருநாளாச்சும் அந்தப் பொட்டிய விட்டுத் தலையத் தூக்கி என் மூஞ்சியப் பாத்திருக்கீகளா? போன் பண்ணாதீக. வந்தா நானா வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள். முந்தின சண்டையில் இப்படித்தான் பகலில் வந்து, சேலைகளை எடுத்துக்கொண்டு, அவன் வருவதற்குள் அதே பஸ்ஸில் திரும்பிப் போனாள். இந்தத் தடவை விட்டுவிடக் கூடாது.

அதற்காகவே வீட்டுப் பழைய லேப்டாப்பை ஜன்னலில் வைத்து, கேமராவை வாசலைப் பார்க்கத் திருப்பியிருந்தான். எஸ்.எஸ்.எச். என்கிற ரகசிய லைன் போட்டு அதற்குள் நுழைந்தால் வாசல் தெரியும். ஆனால் அருப்புக்கோட்டை மில்லில் சட்டம் அதிகம். செல்போனைக் கேட்டில் வாட்ச்மேன் கோட்டைச்சாமியிடம் கொடுத்துவிட வேண்டும். கம்ப்யூட்டரில் போவது வருவதெல்லாம் ப்ராக்ஸி என்கிற இன்னொரு வாட்ச்மேன் வழியாகத்தான். வெப்சைட் என்றால் விடும், எஸ்.எஸ்.எச். என்றால் மறித்துவிடும்.

காளீஸ்வரன் விடுவானா? அன்று ராத்திரி வீட்டுக்குப் போய், பேங்க் வெப்சைட்டுகள் புழங்குகிற, போர்ட் என்கிற நம்பர் வாசலிலேயே லேப்டாப்பைக் காத்திருக்கச் சொன்னான். மறுநாள் எஸ்.எஸ்.எச்.சை ப்ராக்ஸி கையிலேயே ஒப்படைத்து, அந்த வாசலுக்குக் கொண்டுபோய்விடச் சொன்னான். ஏதோ பேங்க் வேலை என்று நினைத்து ப்ராக்ஸி வழிவிட்டது.

திரையில் வீட்டு வாசல் வந்தது. பூட்டிய கதவு, வெயில், அவள் வைத்த செம்பருத்தி. செடிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவள் இருந்தபோது அந்த வாசலை ஒருநாளும் இப்படிப் பார்த்ததில்லை.

மத்தியானம் கேட்டுக்கு எதிரே டீக்கடைக்குப் போவதை நிறுத்தினான். சோற்றையும் கம்ப்யூட்டர் முன்னாலேயே தின்றான்.

"டீக்கு வெளிய வாரதே இல்லையே சார்?" என்று காலையில் போனை வாங்கும்போது கோட்டைச்சாமி கேட்டார்.

"வேலை கிடக்குண்ணே."

"செத்த நேரம் வந்துட்டுப் போங்களேன்."

எங்கே போவது? சும்மா கிடக்கிற லைனை ப்ராக்ஸி இரண்டு நிமிஷத்தில் அறுத்துவிடும். அன்றைக்கும் சரியாக ஒண்ணேகாலுக்கு அறுந்தது. அதனால் நிமிஷத்துக்கு ஒரு படம் வந்துகொண்டே இருக்கும்படி செய்தான்.

மறுநாள் மங்கலான படத்தில் ஒரு பச்சைச் சேலை! லேப்டாப்பில் பதிந்து வைத்திருந்த தன் குரலை இங்கிருந்தே தட்டிவிட்டான்: "தங்கம், என்னைய விட்டுப் போயிராதே. இந்தா வந்துட்டேன்!"

எழுந்து ஓடப்போனவன் அடுத்த படத்தைப் பார்த்து அப்படியே உட்கார்ந்தான். பக்கத்து வீட்டு செல்லக்கிளி.

சாயங்காலம் அவள் விளக்குமாற்றோடு காத்திருந்தாள். "முருங்கக்கீரை பறிக்க வந்தவளத் தங்கம்னு கூப்பிடுறீகளோ?"

"அது உங்களுக்கில்லக்கா..."

"வீட்டுல வேற யாரு இருக்கா?"



படம் மங்கலாக இருந்ததால்தானே இந்த வம்பு? பெரிதாக்கினான், தெளிவாக்கினான், நொடிக்கு ஒன்றாக வரவழைத்தான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. மறுநாள் மத்தியானம் மில்லில் இன்டர்நெட் படுத்துவிட்டது. நூல் லோடு ஏற்றிய லாரி, பில் எடுக்க முடியாமல் உள்ளேயே நின்றது. மேனேஜர் ராமசுப்பு குதித்தார். கம்ப்யூட்டர்களைக் கவனிக்கிற உதயகுமார், ப்ராக்ஸியின் பதிவைப் பார்த்துவிட்டு நேரே காளீஸ்வரனிடம் வந்தான்.

"பேங்க் வாசல் வழியா நாள்பூரா எங்கண்ணே போறீக?"

"வீட்டுக்கு" என்றான் காளீஸ்வரன்.

"வீட்டுக்குத்தானே? நெசமாவே போங்க!" என்று ராமசுப்பு கத்தினார். "ஒரு வாரத்துக்கு இந்தப் பக்கம் தலையக் காட்டாதீக!"

உதயகுமார் லைனை வெட்டினான். செம்பருத்தியும் கதவும் போய்த் திரை கறுத்தது. மணி ஒன்று பத்து.

ஒரு வாரச் சம்பளம் போனதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. இன்றைக்கு அவள் வந்து, ஆளில்லாத வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டால்? அந்த ஒரு நினைப்போடு கேட்டுக்கு ஓடி, போனுக்குக் கையை நீட்டினான்.

கோட்டைச்சாமி போனை எடுக்கவில்லை. எதிரே டீக்கடை வேப்பமரத்தடியைக் காட்டினார்.

"அப்பாடா, வெளிய வந்தீகளா! நாலு நாளா மத்தியானமானா உங்க வீட்டம்மா தூக்குச்சட்டியோட அங்கன வந்து உக்காந்துட்டுப் போகுது. 'அவுகளாத் தலையத் தூக்கி வெளிய வரட்டும், நீங்க சொல்லிறக் கூடாது'ன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிருச்சு சார்!"