கீரியின் தோளில் சிங்கம்

ஒரு காட்டில், தவளை இரண்டாம் முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டும் கீரி மாசிலாமணி பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. பக்கத்திலிருந்த ஆமையிடம், நீங்க முதல்ல போங்க, எனக்கு அவசரமில்லை என்றான். காலையிலிருந்து இப்படியே ஒரு முள்ளம்பன்றியையும் ஒரு முயல் குடும்பத்தையும் உள்ளே அனுப்பிவிட்டிருந்தான். அவசரமில்லை என்றானே தவிர அவனால் ஒழுங்காக உட்கார முடியவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபக்கத்தைப் பலகையில் படாமல் தூக்கி வைத்திருந்தான்.

நாரை டாக்டரின் வாசலில் ஆளைக் கூப்பிடும் வேலையைத் தவளைக்குக் கொடுத்தது யார் யோசனை என்று தெரியவில்லை. அதற்கு மெதுவாகப் பேச வராது. உடம்புக்கு என்ன என்று அது ஒருவரைக் கேட்டால் ஏரியின் அக்கரையில் இருப்பவர்களும் தங்கள் உடம்பைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். மாசிலாமணி புண் என்று சொன்னபோது, எங்கே புண் என்று கேட்டது. பொதுவாக என்று சொல்லி வைத்தான்.

கடைசியில் வாசலில் அவனும் தவளையும் மட்டும் மிஞ்சினார்கள். உள்ளே போனான்.

காய்ச்சல், தொடை இடுக்கில் நெறி கட்டியிருப்பது, சிறுநீர் போகும்போது எரிச்சல் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, முக்கியமானதை மட்டும் சொல்லாமல் நிறுத்தினான். டாக்டர் அலகைத் தாழ்த்தி முக்கியமானதை அவரே பார்த்துக்கொண்டார். கொத்தாகச் சிறு கொப்புளங்கள். சில உடைந்து புண்ணாகியிருந்தன.

"ஹெர்பிஸ்" என்றார்.

"அக்கியா டாக்டர்?"

"ஊர்ல அக்கின்னு சொல்றது இதுக்கு ஒன்னுவிட்ட அண்ணன். இது தம்பி. குடும்பம் ஒன்னு, குடியிருக்கிற இடம் வேற."

மாசிலாமணிக்கு வைகாசியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. ஆடி பிறந்ததும் மாமனார் வந்து, எல்லாப் பொந்திலும் உள்ள வழக்கப்படி, புதுப்பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விட்டார். தையல்நாயகி ஆவணி முதல் தேதி திரும்பி வருவாள். அவள் இல்லாத மாதமாகப் பார்த்து இது வந்திருந்தது. நான் ஊரில் இல்லாத சமயத்தில் எங்கே போய் வந்தாய் என்று அவள் கேட்பாள். எங்கும் போகவில்லை என்று அவன் சொல்வான். அது உண்மைதான். ஆனால் அந்த உண்மையைச் சொல்லும்போது தன் முகம் எப்படி இருக்கும் என்று அவனுக்கே தெரிந்திருந்தது.

"இந்த மாசம் நான் எங்கேயும் போகலை டாக்டர்."

"போனீங்கன்னு நான் சொல்லலையே."

அப்புறம் டாக்டர் விளக்கினார். இது தோல் வழியாக உள்ளே போகும் ஒரு வைரஸ். போனதும் நரம்பைப் பிடித்துக்கொண்டு ஏறி முதுகெலும்புப் பக்கம் படுத்துவிடும். வருஷக்கணக்கில் தூங்கும். எப்போது விழித்தது என்பதை வைத்து எப்போது வந்தது என்று சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு முன்பே வந்திருக்கலாம். பெண்டாட்டியிடமிருந்தும் வந்திருக்கலாம், அவளுக்கே தெரியாமல். இந்தக் காட்டில் நிறையப் பேருக்கு இருக்கிறது, அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. ஒரு நாள் ஊறும், பூச்சி கடித்தது என்று சொறிந்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள்.

குணமாகுமா என்று கேட்டான். புண் ஆறும், அது போகாது என்றார் டாக்டர். திரும்பவும் வரும். ஆனால் முதல் தடவை படுத்துகிற அளவுக்குப் பிறகு படுத்தாது. அலைச்சல், காய்ச்சல், கவலை இருந்தால் எட்டிப் பார்க்கும். அந்த இடத்தில் ஊறல் எடுத்த உடனே மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். புண் காய்ந்து உதிரும்வரை தனிப்பாய். மற்ற நாட்களில் ஆணுறை போட்டுக்கொள்வது நல்லது. புண் இல்லாதபோதும் தொற்றலாம், ஆணுறை அதைக் குறைக்கும், முழுக்கத் தடுக்காது. ஆகவே வீட்டில் சொல்லிவிட வேண்டும். நாளைக்குப் பிள்ளை உண்டானால் பார்க்கிற டாக்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"சொல்லாம இருக்க ஏதாவது மாத்திரை இருக்கா டாக்டர்?"

நாரை மருந்துச் சீட்டு எழுதத் திரும்பிக்கொண்டார்.

வெளியே வந்தால் உடும்பு பிச்சாண்டி நின்றுகொண்டிருந்தார். பக்கத்துப் பொந்துக்காரர். எதையாவது பிடித்துக்கொண்டால் விடமாட்டார், கேள்வியாக இருந்தாலும். என்ன மாப்ளே, ஒரு மாதிரி நடக்கிறே என்று தொடங்கினார். அக்கி அண்ணாச்சி என்றான் மாசிலாமணி. சொன்னதில் பொய் அதிகமில்லை.

ஆனால் அக்கி என்று சொல்லிவிட்டால் அதோடு முடியாது. அந்தக் காட்டில் அக்கி வந்தவருக்கு அக்கி எழுத வேண்டும். மண்ணைக் குழைத்துக் குடம் கட்டும் குளவி வள்ளியம்மைதான் எழுதுவாள். காவியைக் கரைத்து, அக்கி இருக்கிற இடத்தில் ஒரு சிங்கத்தை வரைவாள். சிங்கத்தைப் பார்த்து அக்கி ஓடிவிடும் என்பது நம்பிக்கை. டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார் என்று மாசிலாமணி சொல்லிப் பார்த்தான். மாத்திரை அது பாட்டுக்கு இருக்கட்டும், எழுதாத அக்கி போகுமா என்று பிச்சாண்டி கையைப் பிடித்தார்.

வள்ளியம்மை காவியைக் குழைத்துக்கொண்டே எங்கே என்று கேட்டாள்.

மாசிலாமணி பிச்சாண்டியைப் பார்த்தான். பிச்சாண்டி ஆவலோடு அவனைப் பார்த்தார்.

"தோள்ல" என்றான்.

குளவி தோளைச் சுற்றி இரண்டு தடவை பறந்தாள். ஒரு கொப்புளத்தையும் காணோம். உள்ளே இருக்கிறது என்றான் அவன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. பிடரி, நகம், தூக்கிய வால் எல்லாம் வைத்து நல்ல சிங்கமாகவே வரைந்தாள். கொஞ்ச நாளைக்குத் தாளிக்கிற வாசனை ஆகாது என்று சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் மன்னர் நகர்வலம் வந்தார். எல்லோரும் வரிசையாக நின்று வாழ்க என்றார்கள். மன்னர் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தவர் மாசிலாமணி முன்னால் நின்றுவிட்டார். அவன் தோளில் சிவப்பாக அவரே இருந்தார். கொஞ்சம் இளமையாகவும் இருந்தார்.

"எல்லாரும் என்னை மனசுல வச்சிருக்கிறதாச் சொல்றாங்க. அது நமக்குத் தெரியவா போகுது? இவன் ஒருத்தன்தான் தோள்ல வச்சிருக்கான்" என்றார் மன்னர்.

அன்று மாலையே மாசிலாமணி விசுவாசப் பிரிவுச் செயலாளர் ஆனான். உட்காரத் தனி நாற்காலி வந்தது. நாற்காலியில் அவன் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தான். செயலாளரே அப்படி உட்காருகிறார் என்று பிரிவு உறுப்பினர்களும் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

அப்புறம் காடு முழுவதும் வள்ளியம்மை கூட்டில் வந்து விழுந்தது. மானுக்குக் கழுத்தில் சிங்கம், காட்டெருமைக்கு விலாவில் சிங்கம், முயல்களுக்குக் காதில் சிங்கக்குட்டி. விசுவாசத்துக்கு வந்தவர்கள், அக்கிக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள். எப்படி அடையாளம் தெரிகிறது என்று மாசிலாமணி ஒரு நாள் அவளைக் கேட்டான். பெருசா வரைங்கன்னு சொன்னா விசுவாசம், சீக்கிரம் வரைங்கன்னு சொன்னா அக்கி என்றாள்.

ஆடி முடியும் தறுவாயில் மன்னரே தொடையில் ஒரு சிங்கத்தோடு அவைக்கு வந்தார். மன்னர் தன்மீதும் விசுவாசம் கொண்டிருக்கிறார் என்று காகங்கள் அறிவித்தன. எல்லோரும் கை தட்டினார்கள். மன்னர் சிம்மாசனத்தில் உட்கார்ந்த விதத்தை மாசிலாமணி மட்டும் கவனித்தான். மெதுவாக, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபக்கம் கல்லில் படாமல். அவனும் கை தட்டினான்.

இவ்வளவுக்கு நடுவிலும் தையல்நாயகி தினமும் சாயங்காலம் போன் பேசினாள். செயலாளர் ஆனதற்கு அவள் அப்பா ஊரெல்லாம் சர்க்கரை கொடுத்ததைச் சொன்னாள். நீங்க நல்லா இருக்கீங்களா என்று கேட்டாள். நல்லா இருக்கேன் என்றான். புண் உதிர்ந்துபோயிருந்தது, அந்தவரைக்கும் அது பொய்யில்லை. டாக்டர் சொன்ன வாக்கியத்தை அவன் நாக்கு நுனிவரை கொண்டுவருவான். அதற்குள் அவள் வைக்கட்டுமா என்று கேட்டுவிடுவாள். அவளும் ஏதோ சொல்ல வந்து நிறுத்துவதுபோல அவனுக்குப் பட்டது. கேட்டால் தன்னையும் கேட்பாளே என்று கேட்கவில்லை.

ஆவணி முதல் தேதி காலையில், அவள் வருவதற்கு முன்பே, அந்த இடத்தில் ஊறல் எடுத்தது. டாக்டர் சொல்லியிருந்தபடி மாத்திரையை விழுங்கினான். கவலை வந்தால் வரும் என்றார், கவலையே இதைப் பற்றித்தான் என்றால் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை.

மாமனார் முதுகு கொள்ளாத பெரிய சிங்கத்தோடு வந்து சேர்ந்தார். மாப்பிள்ளையைத் திருப்பி நிறுத்தித் தோளைப் பார்த்தார். அசல் இதுதான் என்று மகளிடம் சொன்னார். காபி குடித்துவிட்டு, நாளைக் காலை மன்னர் எல்லோரையும் பார்வையிடுகிறார், சிங்கம் இல்லாதவர்களுக்கு ஏரியில் தண்ணீர் கிடையாதாம் என்று, அந்த உத்தரவை எழுதிய மாப்பிள்ளைக்கே தெரிவித்துவிட்டுக் கிளம்பினார்.

தையல்நாயகியின் தோளிலும் ஒரு சிங்கம் இருந்தது. மிகச் சிறியது.

இரவுக்கு மாசிலாமணி ஒரு காரணம் தயார் செய்து வைத்திருந்தான். செயலாளர் வேலை, இடுப்பு வலி, கட்டாந்தரையில் தனியாகப் படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். சொல்ல வாயைத் திறந்தான். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு பையிலிருந்து துணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"தையல், இது விசுவாசத்துக்கு வரைஞ்சது இல்ல."

"பின்னே?"

"அக்கி."

"தோள்லயா?"

"இல்ல."

அவள் கையிலிருந்த துணியை மடித்தாள். மடித்ததையே மறுபடியும் மடித்தாள். அவன் டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னான். நரம்பை முதலிலும் வைரஸைக் கடைசியிலும் சொன்னான், ஆணுறையை நடுவில் எங்கேயோ சொன்னான். எங்கேயும் போகவில்லை என்பதை மட்டும் மூன்று இடத்தில் சொன்னான். காலையில் திரும்பவும் ஊறல் எடுத்ததையும் சொல்லிவிட்டு நிறுத்தினான். அவள் அப்பா வெகுதூரம் போயிருக்க மாட்டார், கூப்பிட்டால் கேட்கும்.

அவள் கூப்பிடவில்லை.

"எனக்கும் இது விசுவாசம் இல்ல" என்றாள்.

கல்யாணத்துக்கு முந்தைய வருஷம் ஒரு தடவை வந்ததாம். அம்மா சூடு என்றாளாம், வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாளாம். அது பாட்டுக்குப் போய்விட்டது. இந்த ஆடியில் மறுபடியும் வந்தபோது சூடு இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தால் அவன் தன்னை ஆவணியிலும் அங்கேயே இருக்கச் சொல்லிவிடுவான் என்று நினைத்தாளாம். அக்கி எழுத வந்த குளவியிடம் தோளைக் காட்டினாளாம்.

"அப்போ என்கிட்டேருந்துதான் உங்களுக்கு" என்றாள்.

"அப்படிச் சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொன்னார்."

அந்த முந்தைய வருஷத்தைப் பற்றி அவன் கேட்கவில்லை. அவனுடைய முந்தைய வருஷங்களைப் பற்றி அவளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு பக்கமும் பதில் இருந்திருக்கும்.

நாளைக்கே டாக்டரிடம் போய் அவளையும் காட்டிவிடலாம் என்றான். சூட்டுக்கு வெந்தயம் சரி, இதற்கு மாத்திரைதான். அவளுக்கு டாக்டரைப் பற்றிப் பயமில்லை, வாசலில் கத்துகிற தவளையைப் பற்றித்தான் பயம்.

"எங்கே புண்ணுன்னு கேட்டா என்னங்க சொல்றது?"

"பொதுவான்னு சொல்லு."

அவள் சிரித்தாள். ஆடி மாதம் முழுவதும் போனில் கேட்காத சிரிப்பு. இரண்டு பாய்களைத் தனித்தனியாக விரித்தாள், நடுவில் பேசிக்கொள்கிற தூரம் விட்டு.

வெளியே காகம் ஒன்று நாளைய பார்வையிடலைப் பற்றிக் கடைசி முறையாக அறிவித்துக்கொண்டு போனது. விளக்கை அணைக்கப் போன தையல்நாயகி அவன் தோளைப் பார்த்து நின்றாள். வியர்வையில் சிங்கம் மங்கியிருந்தது, வால் முழுக்க அழிந்துவிட்டது. கோலத்துக்கு வைத்திருந்த காவியில் கொஞ்சம் எடுத்து எச்சில் தொட்டுக் குழைத்தாள். அவன் தோளில் வாலை வரைந்து முடித்துவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டு விளக்கை அணைத்தாள்.

நீதி: புண்ணை வீட்டில் காட்டு, சிங்கத்தை ஊரில் காட்டு. மாற்றிக் காட்டியவனுக்குப் பதவியும் போகும், பாயும் போகும்.