காய்ச்சல் இல்லாத லீவு லெட்டர்

பெரம்பலூர் ஜில்லாவிலேயே பொய்க் காய்ச்சலை ஒழித்த ஒரே மனுஷி எங்கள் தெர்மாமீட்டர் டீச்சர்தான். பகலில் காலேஜில் கணக்குப் பாடம், மற்ற நேரம் பெண்கள் ஹாஸ்டல் வார்டன். சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை.

நான் அங்கே ஆயா. பிள்ளைகளின் லீவு லெட்டரை டீச்சரிடம் கொண்டு போய்க் கொடுப்பேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் 'காய்ச்சல்' என்பதைத் தலைகீழாகக் காட்டினாலும் சொல்லிவிடுவேன். எல்லா லெட்டரிலும் அதுதானே!

டீச்சர் கழுத்தில் செயின் மாதிரி தெர்மாமீட்டர் தொங்கும். லெட்டர் வந்ததும் பிள்ளையின் வாயில் வைத்துவிடுவார்.

"காய்ச்சல் இல்லடி. பரீட்சை பயமா, வூட்டு நெனப்பா? உள்ளத எழுது, லீவு தரேன்."

ஒருமுறை பிரின்சிபாலே காய்ச்சல் என்று மீட்டிங்கிலிருந்து நழுவப் பார்த்தார். அவர் வாயிலும் வைத்தார். மீட்டிங் நடந்தது.

பூலாம்பாடிப் பிள்ளை செல்வி நாலு நாளாகக் கட்டிலை விட்டு எழவில்லை. சோறும் இறங்கவில்லை. லெட்டரில் காய்ச்சல், தொட்டால் உடம்பு சில்லென்றிருந்தது. டாக்டரிடம் போகலாமா என்று டீச்சர் கேட்டதும் செல்வி சொன்னாள்:

"சும்மாவே அழுகையா வருது மிஸ். மனசு டாக்டர்கிட்ட போனா பைத்தியம்னுருவாளுங்க."

மறுநாள் நோட்டீஸ் போர்டில் டீச்சரின் லீவு லெட்டர் தொங்கியது. 'எனக்கு மனசு சரியில்லை. திருச்சியில் மனநல டாக்டரைப் பார்க்கப் போகிறேன். மாதாமாதம் போவேன்.' நிஜமாகவே ரெண்டு வருஷமாகப் போய்க்கொண்டிருந்தாராம். அன்று சாயங்காலம் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு மாத்திரையின் நிறம் வரைக்கும் கேட்டார்கள். ஒன்று விடாமல் பதில் சொன்னார்.

செல்வியும் அந்த டாக்டரிடம் போகச் சம்மதித்தாள். அதற்குள் சேதி கேட்டு அவள் அப்பா வந்துவிட்டார்.

"மேடம், பைத்தியம்னு பேரு வந்தா இவள எவன் கட்டுவான்? படிச்சது போதும். பெட்டிய எடு, புள்ள!"

டீச்சர் தெர்மாமீட்டரைத் துடைத்து அவர் வாயில் செருகினார்.

"வாயத் தொறக்காதீங்கண்ணே, ஒடஞ்சுரும். நானும் அதே டாக்டர்கிட்டதான் போறேன். உங்க புள்ளைக்குக் கணக்கு நடத்துறதும் நான்தான். காய்ச்சல்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவீங்கல்ல? இதுக்கும் போங்க. சரியாப் போயி வந்து படிக்கட்டும்."

தெர்மாமீட்டரை வெளியே எடுத்ததும் மனுஷர் கேட்டார்:

"திருச்சி பஸ் எத்தன மணிக்குங்க?"

செல்வி அந்த வருஷப் பரீட்சையை எழுதினாள்.

டீச்சர் ரிட்டயர் ஆகிப் போன மறுநாள், அத்தனை வருஷத்தில் லீவே கேட்காத நான், யாரையும் எழுதித் தரச் சொல்லாமல் நானே எழுத்துக் கூட்டி ஒரு லெட்டர் எழுதினேன்.

'எனக்குக் காய்ச்சல் இல்லை. டீச்சர் இல்லாமல் மனசு சரியில்லை.'