ஓய்வு வேண்டாம் என்ற ஆள்

“முதலாளி, சுகாரிய வேலை செய்யக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்க.”

போனில் சிமியு சொன்னதும் முச்சிரி ஹார்டுவேர் கடையை அப்படியே போட்டுவிட்டு போர்க் கிணற்றுக்கு ஓடினார். சுகாரி அவருடைய தண்ணீர் வண்டிக் கழுதை. சிமியு அதை ஓட்டுகிறவன். ஊரில் பாதிப் பேர் குடிப்பது அந்த வண்டித் தண்ணீரைத்தான்.

போர் அருகே கால்நடை அதிகாரி செப்தூ நின்றிருந்தாள். சின்ன வயசு, பெரிய தொப்பி.

“காலையில உழைச்ச கழுதைய மத்தியான வெயில்லயும் வேலை வாங்கக் கூடாது. சட்டம் வந்தாச்சு. தெரியாதா?”

“தெரியும்மா. ஆனா ஜனங்களுக்கு மத்தியானந்தானே தாகம் எடுக்குது?”

“கழுதைக்கும்தான் எடுக்குது. மறுபடி பார்த்தேன், வண்டி லைசென்ஸ் போயிடும்.”

லைசென்ஸ் போனால் வண்டி போச்சு. ஹார்டுவேர் கடையோ பெயருக்குத்தான் கடை. ஆணி விற்று மூன்று பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியாது. முச்சிரி ராத்திரி பூராவும் யோசித்து, இன்னொரு கழுதை வாங்கினார். கேப்டன் என்று பெயர் வைத்தார். காலையில் சுகாரி, மத்தியானம் கேப்டன். காலையெல்லாம் கேப்டன் தூங்கும், மத்தியானத்துக்கு மேல் சுகாரி தூங்கும்.

செப்தூ வந்து பார்த்தாள். “ஷிப்டா? சரி, ரெண்டும் நல்லா ஓய்வெடுக்குது. ஆனா நிழல் எங்கே?”

தகரக் கூரை போட்டுக் கொட்டகை கட்டினார். தரையில் வைக்கோல் பரப்பினார். தண்ணீர்த் தொட்டி வைத்தார். அவர் வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது.

“கழுதைக்கு வீடு கட்டியாச்சு” என்றாள் அவர் மனைவி வைரிமு, உகாலிக் களியைக் கிண்டிக்கொண்டே. “அந்த சிமியு எங்கே உக்காருவான்? அதை யாராவது கேட்டீங்களா?”

“அவன் ஒண்ணும் கேக்கலையே.”

“கேக்காத ஆளுக்கு ஒண்ணும் தர மாட்டீங்க. கேக்கத் தெரியாத கழுதைக்குக் கொட்டகை கட்டித் தருவீங்க. நல்ல நியாயம்ங்க.”

முச்சிரி தட்டை இழுத்து வைத்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் செப்தூ கடைக்கே வந்துவிட்டாள்.

“நேத்து உங்க கொட்டகைக்குப் போனேன். கழுதை முழிச்சிருக்கு. பக்கத்துல வைக்கோல் மேல உங்க ஆளு அசந்து தூங்குறார். கூப்பிட்டேன், எழுந்திரிக்கவே இல்ல. அவ்வளவு களைப்பு. கழுதைக்கு ரெண்டு ஷிப்ட் போட்டீங்களே, அந்த மனுஷனுக்கு?”

முச்சிரிக்கு வியர்த்தது. இது அவருக்குத் தோன்றவே இல்லை. கழுதைகள் மாறி மாறி வருகின்றன. மனிதன் ஒருவன்தான்.

“நான் கழுதைக்கு அதிகாரி. ஆனா தொழிலாளர் அதிகாரி என் அடுத்த மேஜைதான். நான் சொல்லாம இருக்க முடியாது.”

அவள் போனதும் முச்சிரி போருக்கு ஓடினார். சிமியு கேப்டன் வண்டியில் கேன்களை ஏற்றிக்கொண்டிருந்தான்.

“சிமியு, இன்னைலேருந்து மத்தியானம் நீ ஓய்வெடுக்கிற.”

சிமியுவின் முகம் மாறியது. “எதுக்கு முதலாளி?”

“சட்டம்ப்பா.”

“அது கழுதைக்குப் போட்ட சட்டம். நான் என்ன கழுதையா?”

“உனக்கும் சட்டம் இருக்கு.”

“எனக்கு ஓய்வெல்லாம் வேணாம் முதலாளி. உடம்பு நல்லா இருக்கு. வேற ஆளெல்லாம் போட்டுறாதீங்க. கேப்டன் புது ஆள்கிட்ட நடக்காது.”

முச்சிரிக்குக் கண் கலங்கிவிட்டது. வைரிமுவிடம் சொன்னார். “இந்தக் காலத்துல இப்படி ஒரு வேலைக்காரன்!”

“பயந்து சொல்லியிருப்பான்” என்றாள் அவள்.

தொழிலாளர் அதிகாரியும் அதையேதான் சொன்னார். சிமியுவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். அவன் கையெடுத்துக் கும்பிட்டானாம். ஓய்வு வேண்டவே வேண்டாம், என்னை இப்படியே விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினானாம்.

“முப்பது வருஷமா இந்த வேலை பார்க்கிறேன்” என்றார் அதிகாரி. “ஓய்வு வேணாம்னு அழுத தொழிலாளிய இப்பத்தான் பார்க்கிறேன். என்னய்யா சொல்லி மிரட்டி வச்சிருக்க?”

“ஐயோ, நான் ஒண்ணும் மிரட்டலைங்க!”

“நாளைக்கு மத்தியானம் அவர் படுத்திருக்கணும். இல்லேன்னா லைசென்ஸ் இல்ல.”

மறுநாள் முச்சிரி சிமியுவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து தன் வீட்டு சோபாவில் படுக்க வைத்தார். “எழுந்திரிச்சான்னா கூப்பிடு” என்று வைரிமுவைக் காவல் வைத்தார். சிமியு “முதலாளி, வேணாம் முதலாளி, நீங்க போகாதீங்க” என்று வாசல் வரை பின்னாலேயே வந்தான். வைரிமு அவனைத் திரும்பப் படுக்க வைத்தாள்.

முச்சிரி தானே கேப்டனோடு கிளம்பினார்.

கால் மணி நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. செம்மண் புழுதி மூக்கில் ஏறியது. மேட்டில் வண்டியைத் தள்ளிவிடும்போது இடுப்பு விட்டுப்போனது. இதைத்தானே அவன் தினமும் செய்கிறான் என்று நினைத்தபோது அவருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. வாயில்லாத பிராணிக்குச் சட்டம் போட யாரோ நினைத்தார்கள். வாய் இருக்கிறவன் வேண்டாம் என்றே சொன்னாலும், அவனுக்கும் போட்டுத்தான் ஆகவேண்டும். இனி வாரத்தில் ஒரு நாள் முழு லீவு. கொட்டகையில் ஒரு கட்டில். இதை அதிகாரி சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே.

முதல் தெருவில் கேப்டன் ஒரு பச்சைக் கேட் முன்னால் தானாக நின்றது. கேட் திறந்தது. கையில் மரக்கரண்டியோடு அதியேனோ என்ற பருத்த பெண் வந்தாள். கழுதையைப் பார்த்துச் சிரித்தாள். அவரைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

“யாருய்யா நீ?”

“தண்ணிம்மா.”

“தண்ணி தெரியுது. நீ யாரு?”

“வண்டிக்காரன்.”

“ஏய், வாங்கடி! கேப்டன எவனோ ஓட்டிட்டுப் போறான்!”

பக்கத்துக் கேட்டுகள் திறந்தன. ஒருத்தி கடிவாளத்தைப் பிடித்தாள். இன்னொருத்தி அவர் காலரைப் பிடித்தாள். மரக்கரண்டி தலைக்கு மேலே போனது.

“நான்தாம்மா கழுதைக்குச் சொந்தக்காரன்!”

“திருடன் எல்லாம் அப்படித்தான் சொல்லுவான்!”

நல்ல வேளையாகச் செப்தூவின் ஜீப் வந்து நின்றது. அவள் இறங்கி, “விடுங்க, விடுங்க. அவர்தான் முதலாளி. இன்னைக்கு வண்டிக்காரருக்கு ஓய்வு குடுத்துட்டு அவரே ஓட்டிட்டு வந்திருக்கார். நல்ல மனுஷன்” என்றாள்.

காலர் விடுபட்டது. அதியேனோ கரண்டியைக் கீழே இறக்கி, அதிகாரியையும் முச்சிரியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“வண்டிக்காரரா? கழுதை தனியாத்தானேம்மா வரும், நாங்களே கேனை இறக்கிக்கிட்டுத் திருப்பி அனுப்பிடுவோம்!”